என் காதால் தேர்ந்தெடுத்த ஹெட்போன்

தம்பி,

இங்கே மம்மியின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். லிங்கராஜபுரத்திலிருந்து பொம்மனஹள்ளிக்கு, இரண்டு பஸ் மாறினால் வந்து சேர்ந்துவிடுகிற தூரத்துக்கு, தபால் எழுதிப் போடுகிற அப்பன் இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரித்துக்கொள். போனில் சொல்லலாமே என்பாய். நான் போனில் பேசும் லட்சணம் உனக்கே தெரியும், எதிர்முனையில் இருக்கிறவர்கள் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு ஜாண் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நேரில் சொல்லலாம் என்றால், நீ என் முகத்தைப் பார்த்த உடனே நான் கிரிக்கெட்டுக்கோ தண்ணீர் லாரிக்கோ பேச்சை மாற்றிவிடுவேன். பல வருஷமாக அப்படித் தப்பித்தே பழகிவிட்டேன். காகிதத்தில் எழுதினால் தப்பிக்க வழியில்லை என்றுதான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு சாப்பிட்டுக் கை கழுவும்போது என்ன சொன்னாய்? "டாடி, பழைய ஹெட்போன்ல ஸ்பான்ஜ் எல்லாம் உதிர்ந்து போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு வாங்கிடணும். பேஸ் நல்லா அடிக்கணும். நீங்களும் வாங்க, அன்னைக்கு மாதிரி நீங்களே செலக்ட் பண்ணுங்க. உங்களுக்கு அந்தக் காது இருக்கு." சொல்லிவிட்டு, தேய்ந்துபோன பழைய ஹெட்போனை மேசை மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். உனக்கு அது ஒரு சாதாரணப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. அந்தக் காதைப் பற்றித்தான் நான் எழுதவேண்டியிருக்கிறது, கடைசி வரை பொறுமையாகப் படி.

நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஹெட்போன் மாட்டியது பாட்டு கேட்க இல்லை. எங்கள் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை காதுப் பரிசோதனை உண்டு. கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தவேண்டும். வெளியே நர்சம்மா மெஷினைத் திருகுவார். வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் வரை ஒழுங்காகத்தான் அழுத்தினேன். பிறகு ஒரு வருஷம் உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், ஒரு சத்தமும் வரவில்லை. மெஷின் கெட்டுப்போயிற்று என்றே நினைத்தேன். அப்போதுதான் கண்ணாடி வழியாக நர்சம்மாவின் தோள் அசைவதைப் பார்த்தேன். தோள் அசைந்தால் திருகுகிறார் என்று அர்த்தம். தோள் அசையும்போதெல்லாம் அழுத்தினேன், பாஸ். அடுத்த வருஷமும் அப்படியே பாஸ். உங்கள் ஸ்கூலில் நீ ஒருமுறை பிட் அடித்து மாட்டிக்கொண்டபோது பெல்ட்டை எடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த பெல்ட்டை எடுத்தவனின் யோக்கியதை இதுதான்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பாய். காதில் கோளாறு என்று தெரிந்தால் பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டுவிடுவார்கள். நட்டு போல்ட்டை எண்ணிக் கொடுத்துக்கொண்டு, சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். நானோ அந்த ஷாப்பிலேயே பெரிய பிரஸ்ஸை ஓட்டுகிறவன். தகட்டை அழுத்துகிற அச்சுக்கு நாங்கள் டை என்போம். அந்த டை உடைவதற்கு முன்னால் பிரஸ்ஸின் சத்தம் லேசாக மாறும், அதைக் கேட்டு நிறுத்தத் தெரிந்தவன்தான் அங்கே ஆள். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டால் மெஷின் பேசுவது எப்படிக் கேட்கும் என்று நாங்கள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் சூப்பர்வைசர் கன்னடத்துக்காரர், கடைசி வரை என் முதுகைத் தட்டி, "நின் கிவி பங்காரா கணோ" என்பார். உன் காது தங்கமடா என்று. அந்தத் தங்கத்தை லாக்கரில் பூட்டி வைத்திருக்க வேண்டிய நாளெல்லாம் நான் பூட்டியது ரப்பர் அடைப்பானை.

ஆனால் எனக்குக் காது செவிடு என்று நானே நம்பவில்லை. தடதடவென்று வருகிற சத்தமெல்லாம் நன்றாகக் கேட்டது. லாரி கேட்டது, பிரஸ் கேட்டது, ஆண்கள் எதிரில் நின்று பேசினால் பெரும்பாலும் கேட்டது. வாய் அசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வது எங்கள் ஷாப்பில் எல்லோருக்கும் பழக்கம், அந்த இரைச்சலில் வேறு வழியில்லை. காணாமல் போனது மெல்லிய சத்தங்கள். காணாமல் போனது என்ன என்று தெரிந்தால்தானே தேடமுடியும்? மம்மி சமையலறையிலிருந்து கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், "உங்க டாடிக்கு வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது" என்று உன்னிடம் சொல்வாள். நீயும் அப்படியே நம்பினாய். அழுத்தக்காரன் என்று பேர் எடுப்பது செவிடன் என்று பேர் எடுப்பதைவிட எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது அந்தக் கிறிஸ்மஸ். நீ ஆறாம் வகுப்பு. கேரல் ஆராதனையில் பாடகர் குழுவுக்கு முன்னால் முதல் சரணத்தை நீ ஒருவனே தனியாகப் பாடவேண்டும் என்று பாஸ்டர் அம்மா உன்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரண்டு மாதம் வீட்டில் அதே பேச்சு. உனக்கு இஞ்சி கஷாயம், ஐஸ்கிரீமுக்குத் தடை, மம்மி தைத்த வெள்ளை அங்கி. ஆஸ்டின் டவுனிலிருந்து உன் மாமா தன்னுடைய டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பெஞ்சிலேயே, என் பக்கத்தில், உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் கோயில் நிறைய ஜனம். நீ படி மேலே வந்து நின்றாய். ஆர்கனை நிறுத்தினார்கள். உன் வாய் திறந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன் வாய் அசைகிறது, அங்கி லேசாக ஏறி இறங்குகிறது, சத்தம் மட்டும் இல்லை. மைக் போய்விட்டது, என் பிள்ளை இரண்டு மாதம் பாடுபட்டதை இந்த மைக்செட்காரன் கெடுத்துவிட்டான் என்று எனக்கு வந்ததே கோபம். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், மம்மி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கேட்காததற்கு எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பயத்தில் உனக்குக் குரல் எழும்பவில்லை, அதைப் பார்த்து அழுகிறாள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரயில்வே கேட் பக்கத்தில் நீ என் முன்னால் ஓடிவந்து, நடந்துகொண்டே பின்பக்கமாகத் திரும்பி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய். "டாடி, எப்படி இருந்துச்சு?" நான் சொன்னது உனக்கு இன்றும் ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். "சத்தமே வரலையேடா. வாயைத் திறந்து பாடவேணாமா? பாட்டா அது?" நீ திரும்பி நேராக நடக்க ஆரம்பித்தாய். மம்மி என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தாள். ஜனவரியில் பாடகர் குழுவுக்குப் போகமாட்டேன் என்றாய். கணக்கு டியூஷன் இருக்கிறது என்று காரணம் சொன்னாய். நானும் படிப்புதான் முக்கியம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷத்தில் உனக்குக் குரல் உடைந்துவிட்டது, அந்தக் குரல் போனது போனதுதான்.

நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினாய். என்னடா வேண்டும் என்றதற்கு, உன் மாமா கொடுத்த வாக்மேனுக்கு நல்ல ஹெட்போன் வேண்டும் என்றாய். உனக்கு அன்று காய்ச்சல், அதனால் நான் மட்டும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். சந்துக்குள் ஒரு பாய் கடை, கயிற்றில் கோத்து ஹெட்போன்களைப் பூண்டு மாலை மாதிரித் தொங்கவிட்டிருந்தார். நல்ல மனுஷன். ஒவ்வொன்றாக எடுத்து, தன் டேப்பில் சொருகி, என் தலையில் மாட்டினார். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கொசு பறக்கிற மாதிரி ஏதோ. ஐந்தாறு பார்த்தாயிற்று. உள்ளே இருந்து கனமான ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார் பார், தும் தும் என்று அடியிலிருந்து எழும்பி வந்தது தம்பி, தாடை வரைக்கும் இறங்கியது. அந்தச் சந்தில் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருஷம் கழித்து ஒரு பாட்டு எனக்குள்ளே வந்தது!

"இது போதும் பாய், இதையே கட்டிடுங்க" என்றேன். பாய் தயங்கினார். "சாப், சொன்னா கேளுங்க. இதுல பேஸ் ஜாஸ்தி. குரல் அமுங்கிப்போவும். பாட்டு கேக்கிற ஆளுங்க இதை எடுக்கமாட்டாங்க." நான் சிரித்துக்கொண்டே, "குரல் எங்க பாய் இருக்கு? வெறும் மியூசிக்தானே ஓடுது" என்றேன். பாய் என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தார். திரும்ப என் தலையில் மாட்டிவிட்டு, மெதுவாக, என் முகத்துக்கு நேராக வந்து சொன்னார். "அந்தம்மா பாடிட்டேதான் இருக்கு சாப். முதல்லேருந்து." அவர் முகத்தில் இருந்த இரக்கத்தை என்னால் தாங்கமுடியவில்லை. அந்த நிமிஷத்திலேயே எனக்குக் கோயில் படி மேல் நின்ற உன் வெள்ளை அங்கி ஞாபகம் வந்துவிட்டது. மைக் கெடவில்லை, உனக்கும் குரல் எழும்பாமல் இல்லை. கோயில் முழுக்கக் கேட்ட ஒரு பாட்டை நான் ஒருவன்தான் கேட்கவில்லை, அந்த நான்தான் பாட்டா அது என்று கேட்டேன்.

உன்னிடம் அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்தால், காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "டாடி! என்ன பேஸ் டாடி! எப்படி கண்டுபிடிச்சீங்க?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். வளர்ந்தபின் நீ என்னைக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. எனக்கு வெட்கம். பரிசோதனை அறையில் செய்த திருட்டு வெளியே வந்துவிடுமே என்ற பயமும்தான். அதனால் உனக்குப் பேஸ் பிடிக்கும் என்று தெரிந்து வாங்கிவந்த கெட்டிக்கார அப்பனாக உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஹெட்போனில் நீ மாதக்கணக்கில் கேட்டது பேஸ் என்கிற அந்தக் கீழ்ச்சத்தத்தைத்தான். மேசை விளிம்பில் விரலால் அதையே தட்டிக்கொண்டிருப்பாய். பிறகு பேஸ் கிட்டார் வேண்டும் என்றாய். காலேஜில் சேர்ந்த வருஷம் கோயில் குழுவில் வாசிக்க ஆரம்பித்தாய். நான் மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து ஸ்பீக்கர் பக்கத்தில் தூணோரம் போய் உட்கார ஆரம்பித்தது அப்போதுதான். பிள்ளை வாசிக்கிறான் என்ற பெருமை என்று எல்லோரும் கேலி செய்தார்கள். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேலும் ஒன்று உண்டு. அந்த ஆராதனையில் எனக்குக் கேட்ட சத்தம் உன்னுடையது மட்டும்தான். ஜனங்கள் வாயசைப்பார்கள், பாஸ்டர் வாயசைப்பார், நீ வாசிப்பாய். உன் விரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் அத்தனை வருஷமும் பாட்டுக்குள் போனேன். சந்தோஷமாக இருந்தேனடா, திருடிய சந்தோஷம் என்றாலும் சந்தோஷம்தான்.

இப்படியே காலத்தை ஓட்டிவிட்டிருப்பேன். போன மாதம் நீ ஷீபாவைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தாய். அவள் எனக்குப் பின்னால் நின்று ஏதோ கேட்டிருக்கிறாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். இரண்டாவது தடவையும் அப்படியே. மறுநாள் நீ போனில், "டாடி, உங்களுக்கு அவளைப் பிடிக்கலையா? பஸ்ல வரும்போது அழுதுட்டா" என்றாய். உன் குரல் கனத்துவிட்டதால் போனில் எனக்கு ஓரளவு கேட்கிறது. அப்போது எனக்கு ரயில்வே கேட்தான் கண்முன் வந்தது. ஒரு பிள்ளைக்குச் செய்தது போதாதென்று, வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கும் அதையே செய்ய ஆரம்பித்துவிட்டேன். அந்த வாரமே மம்மியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நர்சம்மாவின் தோளைக்கூடச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "பதிமூணு வருஷமா உங்களைக் கல்நெஞ்சுன்னு நெனச்சுட்டு இருந்தேனே" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளே டாக்டரிடம் கூட்டிப்போனாள். இப்போது இரண்டு காதிலும் மெஷின். போன ஞாயிறு நீ வந்தபோது கழற்றிச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டேன். புத்தி போகுமா உடனே?

மெஷின் மாட்டிய முதல் நாள் வீடே எனக்குப் புதிதாக இருந்தது. மின்விசிறி முனகுகிறது. மம்மி நடந்தால் வளையல் சத்தம் வருகிறது. செய்தித்தாளைப் புரட்டினால் இத்தனை இரைச்சலா! ஆனால் எனக்கு வேண்டியது வேறு ஒன்று. உன் மாமா அன்று பதிவு செய்த கேசட்டை மம்மி பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் இல்லாதபோது போட்டுக் கேட்பாள். நீ ஞாயிறு வந்து போனபின், உன் பழைய வாக்மேனில் அதைப் போட்டு, நீ விட்டுப்போன ஹெட்போனை மாட்டினேன். மெஷின் மேல் அது அழுத்தியதும் காதுக்குள் ஊய் என்று விசில். அதை மீறிக் கேட்டால் வெறும் தும் தும், ஆர்கனின் கனத்த சத்தம். பாய் சொன்னது சரிதான், குரல் அமுங்கித்தான் போகிறது. செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து மறுபடி எஸ்.பி. ரோடு போனேன். பாய் இப்போது இல்லை, அவர் மகன் உட்கார்ந்திருக்கிறான். "நல்ல பேஸ் ஐட்டம் வந்திருக்கு சார்" என்று ஆரம்பித்தான். "பேஸ் வேணாம்ப்பா, குரல் வேணும். குழந்தைக் குரல்" என்றேன். மெஷினையும் சேர்த்து மூடுகிற மாதிரிப் பெரிய மெத்தை வைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

நேற்று மதியம் மம்மி மார்க்கெட் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு மாட்டிக்கொண்டேன். முதலில் யாரோ இருமுகிறார்கள். பெஞ்சு இழுபடுகிறது. ஆர்கன் நின்றது. அப்புறம் நீ. பதினொரு வயது நீ. தம்பி, கேட்டதை மட்டும் எழுதுகிறேன். முதல் இரண்டு வரி தண்ணீர் மாதிரித் தெளிவு. மூன்றாவது வரி ஆரம்பிக்கிறாய், அதன் மேலேயே ஒரு ஆம்பளைக் குரல், மாமாவின் ரிக்கார்டருக்குப் பக்கத்திலேயே கத்துவதுபோல், "மைக் வேலை செய்யலையா? என்னய்யா பண்றீங்க?" என்கிறது. யாரடா இந்த மடையன் என்று ஒரு நொடி எனக்குக் கோபம் வந்தது. அது நான். மனதுக்குள் நினைத்ததாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன், கோயில் முழுக்கக் கேட்கும்படி, நீ பாடிக்கொண்டிருக்கும்போதே. நீயும் கேட்டிருக்கிறாய். உன் குரல் அங்கே ஒரு கணம் நடுங்குகிறது. ஆனால் நீ நிற்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, மூன்றாவது வரியை விட்ட இடத்திலிருந்து எடுத்து, சரணத்தை முழுவதும் பாடி முடித்திருக்கிறாய். அப்படிக் கத்தின அப்பனிடம் வந்துதான் ரயில்வே கேட்டில் ஆசையாக எப்படி இருந்தது என்று கேட்டாய்.

ஹெட்போன் விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் மாட்டிப் பார்ப்பது நீ. உனக்குத் தெரிந்த பாட்டைக் கேசட்டில் கொண்டு வா, கடைக்காரன் போடுகிற பாட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஐந்து நிமிஷமாவது போட்டிருந்து காது சுடுகிறதா என்று பார். பேஸ் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும், அதற்குள்ளே பாடுகிறவரின் மூச்சு கேட்கவேண்டும், கேட்காவிட்டால் வைத்துவிட்டு அடுத்ததை எடு. வால்யூமைப் பாதிக்கு மேல் திருகாதே, காது போவது போகிறவனுக்குத் தெரியாது. வீட்டில் போட்டுக்கொள்ளும்போது ஒரு பக்கத்தை விலக்கி வை, ஷீபா கூப்பிட்டால் முதல் தடவையிலேயே திரும்பு. அவளையும் கூட்டிக்கொண்டு வா. அன்று என்னிடம் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியவேண்டும், முகத்துக்கு நேராக நின்று கேட்கச் சொல், பதில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் உனக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. பதிமூன்று வருஷம் தாமதம், மன்னித்துக்கொள். ரயில்வே கேட் பக்கத்தில், பின்பக்கமாக நடந்துகொண்டே, எப்படி இருந்துச்சு டாடி என்று கேட்டாயே.

கேட்டேன்டா. நேற்றுதான் கேட்டேன். ரொம்ப நல்லாப் பாடியிருக்கே.

உன் டாடி